சனிக்கிழமை வரை எழுதிய நோட்டு

எட்டு என்று அவர் சொன்னபோது அவள் நாலு என்று சொல்லவில்லை, அதுதான் இப்போதும் கூடவே வருகிறது, பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது, இறங்கினால் தானும் இறங்குகிறது... ஒன்பது வருடமாகக் காலை ஏழு மணிக்கு அவர் எட்டு என்பார், அவள் நாலு என்பாள், சரி ஏழரை என்பார், அது என்ன அரை, நடுக்கூடத்துல நிக்க வச்சிட்டு டியூட்டிக்குக் கெளம்பிடுவீங்களா என்பாள், காய்கறிக் கடையில்கூட அவர் அவ்வளவு பேரம் பேசியதில்லை, கடைசியில் ஆறில் வந்து நிற்கும், ஆறு சுற்று, ஜன்னல் சுவரிலிருந்து கதவுச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒன்று. அன்று செவ்வாய்க்கிழமை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கழுத்தில் ஈரத்துண்டு போட்டாயிற்று, நடக்கும்போது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள இடுப்பில் பெல்ட் கட்டுவதற்கு அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் கொடுத்தாள், அவர் எட்டு என்றார், அவள் சரி என்றாள். சரி என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பேரத்தில் ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது, பாடுபட்டதற்குப் பலன் என்று கூட ஒரு கணம்... ஐந்தாவது சுற்றில் திரும்பும்போது அவள், இன்னிக்குக் கால் என்னோடது இல்லைங்க என்றாள். யாரோடதா இருந்தா என்ன, நட, அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம் என்றார். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் ஞாபகம். ஆனால் அவர் அவளுக்குப் பின்னால் அரை அடி தள்ளி இடப்பக்கமாக நடந்துகொண்டிருந்தார், முகம் தெரிந்திருக்காது, அப்படியென்றால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது, வேறொரு நாள் சிரிப்பை எடுத்து இங்கே ஒட்டிக்கொண்டாரா? எட்டும் முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினாள். அவர் நோட்டை எடுத்து, சுற்று என்ற கட்டத்தில் எட்டு என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

அந்த நோட்டுத்தான் இப்போது மடியில் இருக்கிறது. பழுப்பு அட்டை போட்டு, முதுகில் வருடம் எழுதி, ஒன்பதாவது நோட்டு. பயிற்சி நிலையத்தின் நீளக் கூடத்தில் ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், இதே பெஞ்சில்தான் வியாழன்தோறும் காத்திருப்பார், வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலும் வியாழக்கிழமை இங்கேயும் என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா வகுத்துக் கொடுத்த கணக்கு. எதிரே இரண்டு இணைக் கம்பிகள், அவற்றுக்கு நடுவே தரையில் மஞ்சள் கோடு, மூலையில் மிதிக்க மட்டும் செய்கிற, எங்கேயும் போகாத இரண்டு சைக்கிள், சுவர் முழுக்கக் கண்ணாடி. பத்தேகாலுக்கு வந்தார், பதினொன்று ஆகும் குழுப் பயிற்சி முடிய. முந்தாநாள் அந்த அம்மாவின் போன் வந்தது, சார், உங்க நோட்டு ஒண்ணு வேணும், புதுசா வர்ற குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் வச்சிருக்கேன், எப்படி எழுதணும்னு காட்டணும், உங்கள மாதிரி இத்தனை வருஷத்துல யாருமே எழுதினதில்ல, கஷ்டமா இருந்தா வேணாம்... கஷ்டமில்லை மேடம், எடுத்துட்டு வர்றேன் என்று வாய் சொல்லிவிட்டது. மகளிடம் சொன்னபோது, நல்லதுதானேப்பா, அம்மாவுக்கும் பெருமைதானே, வீட்டை விட்டு ஒரு நாள் வெளியில போன மாதிரியும் ஆச்சு என்றாள். பெருமை. எட்டு நோட்டு அலமாரியில் இருக்கிறது, அதில் ஏதாவது ஒன்றை எடுத்து வந்திருக்கலாம், நாலாவது நோட்டை எடுத்து வந்திருந்தால் நாலு வரி பாராட்டைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கை ஒன்பதாவதைத்தான் எடுத்தது. இவரிடம் யாரும் கேட்கவில்லை, கண்டுபிடிக்கவும் யாருமில்லை, சொல்லாமல் போனாலும் போகலாம், கடைசி ஏட்டைக் கிழித்துவிட்டால் முடிந்தது, ரெண்டு பின்னைக் கழற்றினால் கிழித்த தடம் கூடத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை அந்த ஏட்டின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை, எதற்காக வந்திருக்கிறோம் என்று இன்னும் தெரியவில்லை, சொல்லவா, கொடுத்துவிட்டுப் போகவா.

பம்ப்பு சார், என்று கம்பிகளுக்கு நடுவிலிருந்து குரல். டிரைவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், அவளுக்கு இருந்த அதே நோய் வந்து ஐந்து வருடமாகிறது, வலது கால் தரையைத் துடைத்துக்கொண்டுதான் வரும். வாங்க வாங்க, நம்ம வண்டி இன்னும் ரெண்டாவது கியர்லதான் இருக்கு. பேசாம நடங்க, என்றார் பிசியோதெரபிஸ்ட், நாற்பது வயதிருக்கும், பேசும்போதே கண் எல்லாருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டிருக்கும். பேசினாத்தான் நான் நடப்பேன் கண்டக்டரம்மா, நீங்க ரைட் குடுங்க. ரைட், போலாம். டிரைவர் நகர்ந்தார். அக்கா இல்லாம இந்த ஹால்ல சத்தமே இல்ல சார், என்று கண்ணாடியில் தெரிந்த இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார், என்னைத் திட்ட ஆளே இல்ல. உண்மைதான், அவளும் டிரைவரும் எதிரெதிர்க் கம்பியில் நடக்கும்போது, என்ன டிரைவர், ஸ்டாப்பிங் இல்லாத எடத்துலயெல்லாம் நிறுத்துறீங்க என்பாள், பாசஞ்சர் கை காட்டினா நிறுத்தித்தானே ஆகணும்க்கா என்பார், அப்படியே ஒரு பத்து நிமிடம் இருவருக்கும் கால் இருக்கிற நினைப்பே இல்லாமல் போய்விடும். இவர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்காமல் எண்ணிக்கொண்டிருப்பார். மீட்டர், என்று அவள் இவருக்குப் பெயர் வைத்திருந்தாள். எங்க வீட்டு மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, பாருங்க.

மீட்டர் பார்த்தே வாழ்ந்தவர்தான். முப்பத்திநாலு வருடம் குடிநீர் நீரேற்று நிலையத்தில், ஆறு மோட்டார், மணிக்கு ஒருமுறை போய் அழுத்தம், மின்னோட்டம், பேரிங் சூடு, குளோரின் எல்லாம் பார்த்து ரீடிங் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அவளுக்கு நோய் வந்தபோது டாக்டர் நரம்பு, உறை, மூளை, தண்டுவடம் என்று படம் போட்டு விளக்கியதில் பாதி புரியவில்லை, இவரே மோட்டார் அறையில் உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டார், மோட்டார் சரியாக இருக்கிறது, கரண்ட் வருகிறது, நடுவில் கேபிளின் மேலுறை அங்கங்கே உரிந்துவிட்டது, போக வேண்டியது போகாமல் வழியில் கசிகிறது, அவ்வளவுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், டாக்டர்கள் சொல்கிற எம்.எஸ். சூடானால் கசிவு அதிகமாகும், அதுவும் கேபிள் மாதிரியேதான், வெயிலில் நின்றால், சூடான தண்ணீரில் குளித்தால் கால் துவண்டுவிடும், ஆறினால் திரும்பி வரும். முதல் டாக்டர் அலுப்பே கூடாது, படுத்திருக்கட்டும் என்றார், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு இவர் ஆறு வருடம் படுக்க வைத்தார், தண்ணீர் கிளாஸ்கூட எடுத்துக் கையில் கொடுத்தார், அப்படிப் பார்த்துப் பார்த்தே அவளுடைய தொடையைக் கரைய விட்டார். பிறகு இந்த அம்மா வந்து, யாரு சார் இவங்கள இப்படிப் படுக்கப் போட்டது என்றார். ஓடாத மோட்டார் துருப்பிடிக்கும் என்று தெரிந்தவனுக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? அன்றிலிருந்து தலைகீழ். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருப்பது, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது, பஞ்சு மெத்தைமேல் கண்ணை மூடி நிற்பது, நடை. மூன்றே மாதத்தில் தானே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அந்தச் சத்தம், சமையலறையில் இருந்தவருக்குக் கேட்ட அந்தத் தாழ்ப்பாள் சத்தம்...

ஒரே ஒரு சிக்கல், இந்த நோயில் அலுப்பு என்பது வேலை செய்து வருகிற அலுப்பு இல்லை, தூங்கி எழும்போதே வரும், பல் தேய்க்கும் முன்னே வரும். சோர்வா இருக்குன்னு சொன்னா நிறுத்தாதீங்க சார், குறைச்சுக்கோங்க, நிறுத்தினா சோர்வு கூடும், என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆறு வருடம் அவள் சொன்ன அலுப்பையெல்லாம் நம்பிக் கெடுத்தாயிற்று, இனி நம்பக்கூடாது, அவ்வளவுதான் பாடம். நம்பாமல் இருக்க எவ்வளவு பழக வேண்டியிருந்தது, கட்டினவள் முடியலைங்க என்கிறாள், அதைக் காதில் வாங்காமல் பெல்ட்டைக் கட்ட வேண்டும், முதல் வருடம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறார், பிறகு பழகியது, பிறகு நன்றாகவே பழகிவிட்டது. ஆனா ஒண்ணு, என்று அந்த அம்மா விரலைக் காட்டிச் சொன்னதும் உண்டு. காய்ச்சல்னா மட்டும் நிறுத்திடணும். தினமும் பயிற்சிக்கு முன்னாடி வெப்பம் பாருங்க. அவங்க வழக்கத்தவிட அரை டிகிரி கூட இருந்தாலும் பெல்ட்டத் தொடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. இந்த நோய்ல காய்ச்சல் காய்ச்சல் மாதிரி வராது சார், சோர்வு மாதிரி வரும். அவங்களுக்கே தெரியாது. நோட்டு சொன்னாத்தான் தெரியும்.

நோட்டு சொல்லும். நோட்டின் முதல் கட்டம் அதுதான், வெப்பம். முதல் வருடம் முழுக்க அக்குளில் வெப்பமானியை வைத்து, அது பீப் என்கிற வரை நின்று பார்த்து எழுதினார், முப்பத்தாறு புள்ளி ஏழு, எட்டு, எட்டு, ஏழு, ஒன்பது, எட்டு. இரண்டாவது வருடமும் அதேதான். ஒருநாள் அவளே, போதுங்க, நான் என்ன பாய்லரா என்றாள். அந்த வாரமோ அடுத்த வாரமோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாரத்துக்குக் கோடு போடும்போது, திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டத்திலும் வெப்பத்தை எழுதிவிட்டார். திட்டம் போட்டுச் செய்ததில்லை, பேனா கையில் இருந்தது, கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். நீரேற்று நிலையத்தில் எல்லாரும் செய்வது, பேரிங் சூடு மாறவே மாறாது, ஷிப்டுக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டுத்தான் டீயே குடிப்பார்கள், இன்ஜினியருக்கும் தெரியும், அவரும் ஒரு காலத்தில் எழுதியவர்தான். ஒரே எண்ணைப் போடக் கூடாது என்பது மட்டும் விதி, ஒரே எண்ணாக இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும், ஒன்று கூட்டி ஒன்று குறைத்துக் கலந்து போடணும், புது ஆட்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். முப்பத்திநாலு வருடத்தில் ஒரு பேரிங்கும் எரிந்ததில்லை. இந்த ஏழு வருடத்தில் ஒருநாளும் அவளுக்குக் காய்ச்சல் வந்ததில்லை என்றா அர்த்தம்? வந்திருக்கிறது, மூக்கு ஒழுகும், இருமுவாள், தெரியும், அன்றைக்கு வெப்பமானியை எடுப்பார், எழுதியதை அடித்துவிட்டுச் சரியாக எழுதுவார். வெளியே தெரிகிற காய்ச்சலுக்கு வெப்பமானி எதற்கு? தெரியாததற்குத்தானே அது... அந்தக் கடைசி வாரமும் கலந்துதான் போட்டிருக்கிறார், அழகாக. திங்கள் ஏழு, செவ்வாய் எட்டு, புதன் எட்டு, வியாழன் ஏழு, வெள்ளி ஒன்பது, சனி ஏழு. செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பல் கிட்டிப்போய் நடுங்கினாள். புதன் வியாழன் வெள்ளி அவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தாள், சிறுநீரில் ஏற்பட்ட தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டாள். இந்த நோட்டில் அவள் செத்த நாளில் அவளுக்கு வெப்பம் முப்பத்தாறு புள்ளி ஏழு, காய்ச்சலே இல்லை.

அது கூடப் பரவாயில்லை. அவசரப் பிரிவில் அந்த டாக்டர், கண்ணாடி போட்ட, மிகவும் தூக்கம் கெட்ட ஒரு டாக்டர், எப்பலேர்ந்து காய்ச்சல் என்று கேட்டார். காலையில இல்ல சார், காலையில முப்பத்தாறு எட்டு, என்று இவர் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை, நோட்டில் அப்படி இருந்தது, ஏழு மணிக்குப் பெல்ட் கட்டும்போது பக்கத்து மேசையில் நோட்டு திறந்து கிடந்தது, எட்டு என்று கண்ணில் பட்டது, ஒன்றுமில்லை, நல்லபடியாக இருக்கிறாள், எட்டுச் சுற்று போகலாம். தன் கையால் எழுதியதைத் தானே படித்துத் தானே நம்பிய மனிதன். அப்ப இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, என்று டாக்டர் முணுமுணுத்துக்கொண்டு எழுதினார். எழுதிவிட்டார், அங்கேயும் ஏறிவிட்டது அந்த எண், ஆஸ்பத்திரிக் காகிதத்தில், கையெழுத்தோடு. அதனால் ஏதாவது தள்ளிப்போயிற்றா? மருந்து ஒரு மணி நேரம் தாமதமாயிற்றா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் இதைச் சொல்லித்தானே கேட்க வேண்டும்.

இங்க உக்காரலாமா, என்று ஒருவர் கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா, கணக்குப் பார்க்கிற வேலையோ பத்திரம் எழுதுகிற வேலையோ, தோளில் பெண்கள் பை ஒன்று தொங்கியது, மனைவியுடையதாக இருக்கும். மனைவி அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பெண், முகத்தில் கோபம், இந்த இடத்தில் நிற்பதற்கே கோபம், டிரைவர் ஏதோ சொல்ல, அவள் மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணு மாசந்தான் ஆகுது சார் தெரிஞ்சு, என்றார் புதியவர். இவர் தலையாட்டினார். நீங்கதானா அந்த நோட்டு எழுதுறவரு? மேடம் சொன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மன்னிச்சுக்கங்க, உங்க வீட்டுல... சொன்னாங்க என்றார். இவர் அதற்கும் தலையாட்டினார், இரண்டு மாதத்தில் தலையாட்டுவது ஒன்றுதான் நன்றாக வருகிறது. ஒரு சின்ன சந்தேகம் சார், மேடம்கிட்ட கேட்டா திட்டுவாங்க. இந்த வெப்பம் தினமும் பாக்கணுமா? ரெண்டு வாரமாப் பாக்குறேன், ஒரே மாதிரிதான் வருது. அவளுக்கும் எரிச்சல், காலையில அதை நீட்டினாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா. வாரத்துக்கு ஒருதரம் பாத்து எழுதிக்கிட்டாப் போதாதா? நீங்க எப்படிப் பண்ணுவீங்க?

நீங்க எப்படிப் பண்ணுவீங்க. மோட்டார் அறையில் இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், அவர் எவ்வளவு சகஜமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார், கலந்து போடுப்பா, ஒண்ணு கூட்டி ஒண்ணு குறைச்சு. தினமும் பாக்கணும் என்று சொல்லிவிடலாம், பெரிய மனுஷன் மாதிரி, அதுவே போதும், அவன் கேட்பான், நோட்டின் அட்டையைப் பார்க்கிறானே, எவ்வளவு மரியாதையோடு பார்க்கிறான். கேட்பானா? ரெண்டு வருடம் கழித்து, மாறவே மாறாத எண்ணைப் பார்த்துப் பார்த்து அலுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனாவும் கையில் இருக்கும்போது, தினமும் பாக்கணும்னு பம்ப்பு சார் சொன்னார் என்பது ஞாபகம் வருமா? அந்தப் பெண் திரும்பி இவர்கள் பக்கம் பார்த்தாள், கணவன் என்ன பேசுகிறான் என்று பார்க்கிற பார்வை, எல்லா வீட்டிலும் இருக்கிற பார்வை. இவர் நோட்டைத் திறந்தார். கடைசி ஏட்டைத் தேடவேண்டியிருக்கவில்லை, ஓரத்தைப் பிடித்துப் பிடித்து அழுக்காகியிருந்தது.

இதப் பாருங்க, என்றார். செவ்வாய்க்கிழமை. அன்னிக்குத்தான் கடைசியா நடந்தா. இது சனிக்கிழமை. அன்னிக்கு... அன்னிக்கு அவ இல்ல. புதியவர் கட்டங்களைப் பார்த்தார், விரலை வைத்து ஒருமுறை போனார், திரும்ப ஒருமுறை வந்தார், கணக்குப் பார்க்கிற ஆள்தான், சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது எப்படி சார்... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஞாயித்துக்கெழமையே எழுதிடுவேன், என்றார் இவர். ஏழு வருஷமா. எல்லா வாரமும். சொல்லி முடித்ததும் மார்பில் எதுவும் இறங்கவில்லை, இறங்கும் என்று எங்கோ படித்திருந்தார், சொல்லிவிட்டால் லேசாகும் என்று, ஒன்றும் ஆகவில்லை, சைக்கிள் மிதிக்கிற சத்தம் முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது. புதியவர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் போய் அவளப் பாக்குறேன் சார், என்று எழுந்து போனார், போனவர் மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்தார், அவள், இங்க எல்லாரும் பாக்கிறாங்க, எடுங்க கையை என்றாள்.

பதினொன்று அடித்தது. எல்லாரும் ஈரத்துண்டோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், குடுங்க சார் என்று கையை நீட்டினார், இவர் கொடுக்காமல், திறந்த ஏட்டை அப்படியே திருப்பிக் காட்டினார், இந்த முறை இன்னும் குறைவான வார்த்தைகளில் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்ன எண்ணையும் சேர்த்து. அந்த அம்மா பின்னோக்கி நாலைந்து ஏடு புரட்டினார். ஏழு வருட வியாழக்கிழமைகளில் இந்த நோட்டைப் புரட்டிப் புரட்டி, வெப்பமெல்லாம் பிரமாதமா இருக்கு சார் என்று சொன்னவர், அதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நானும் பாத்துருக்கணும், என்றார். இவ்வளவு ஒழுங்கா ஒரு மனுஷ உடம்பு இருக்காது. இவர் ஒன்றைத்தான் கேட்க வந்தார், வந்தபோது தெரியவில்லை, இப்போது தெரிந்தது. அன்னிக்கு நடக்க வச்சதுனாலயா மேடம்? அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம், மகள் சொல்வாள், டிரைவர் சொல்வார், தெருவில் போகிற யாரும் சொல்வார்கள். நடந்ததுனால இல்ல சார், என்றார் மெதுவாக. நடை யாரையும் இப்படிச் செய்யாது, அத நீங்க நம்பணும், இங்க இருக்கிறவங்களுக்காகவாவது. ஆனா காலையில பாத்திருந்தா காலையிலயே போயிருப்பீங்க. பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துல என்ன மாறியிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் மாறாமலும் இருந்திருக்கலாம். தெரியும்னு சொன்னா பொய். பத்து மணி நேரம் என்றால் பத்து ரீடிங், என்று இவர் நினைத்துக்கொண்டார், அரைப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு நான் பேசுறேன், அந்த எண்ணத் திருத்தச் சொல்லணும், என்றார் அந்த அம்மா, அதில் பயன் என்ன என்று இருவருமே கேட்கவில்லை. இது கூட்டத்துக்கு வேணும் சார். இந்தப் பக்கத்தோடதான் வேணும். நீங்க வரவேண்டாம். உங்க பேரச் சொல்லமாட்டேன். இவர் சரி என்றார்.

நோட்டு கை மாறியது. எழுந்துவிட்டார், அப்போதுதான் அந்த அம்மா, வேலைப் பழக்கத்தில், நோயாளியின் வீட்டுக்காரரிடம் எப்போதும் கேட்கிற குரலில் கேட்டார், சார், எட்டு ரவுண்டும் பெல்ட்டப் பிடிச்சுக்கிட்டுத்தானே கூட நடந்தீங்க, கை முதுகுல பட்டுக்கிட்டேதானே இருந்திருக்கும், உடம்பு சுடுற மாதிரி தெரியலையா? குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, வெறும் கேள்வி, பதிலை எழுதிக்கொள்ளப் போவதும் இல்லை. கதவுச் சுவர் வரை போய்த் திரும்பியது ஞாபகம் இருக்கிறது, ஜன்னல் திரை மின்விசிறிக் காற்றில் ஒட்டி ஒட்டி விலகியது ஞாபகம் இருக்கிறது, துண்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் முதுகில் இறங்கி ரவிக்கையில் கறுத்தது ஞாபகம் இருக்கிறது, கால் என்னோடது இல்லைங்க. கை? பெல்ட்டுக்கும் ரவிக்கைக்கும் நடுவில் நாலு விரலும் உள்ளேதான் இருந்தது, எட்டுச் சுற்று, இருபது நிமிடத்துக்கு மேல், பேரிங் மூடியில் புறங்கையை வைத்தே ரெண்டு டிகிரி வித்தியாசம் சொல்லிவிடுகிற கை, மீட்டர் பழுதான நாட்களில் இன்ஜினியரே கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்ன கை. அது சும்மாவா இருந்திருக்கும்? சொல்லியிருக்கும், ஏதோ ஒரு சுற்றில், மூன்றிலோ நாலிலோ, சொல்லியிருக்கத்தான் வேண்டும், அப்போது மேசையில் கிடந்த எண்ணைப் பார்த்து, எட்டு, ஒன்றுமில்லை என்று அதை அடக்கிவிட்டாரா? அல்லது அவள் சுடவே இல்லையா, சாயங்காலம்தான் எல்லாம் தொடங்கியதா, நோட்டில் எழுதியது பொய்யாகவே இருந்து நிஜமாகவும் இருந்துவிட்டதா? ஞாபகமில்ல மேடம், என்றார். அது உண்மைதானா என்றும் தெரியவில்லை. அந்த அம்மா தலையசைத்தார்.

படியிறங்கும்போது டிரைவர் பின்னாலிருந்து, அடுத்த வியாழக்கிழமை சும்மாவாச்சும் வாங்க சார், யாராவது எண்ணணும்ல, என்றார், இவர் சொன்னதையெல்லாம் கேட்டாரா, அந்தக் கண்ணாடிச் சுவரில் எல்லாமே தெரிந்திருக்குமா? கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். வெயில் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும், தபால் ஆபீஸ், மருந்துக் கடை, பூட்டிக் கிடக்கும் ஒரு அச்சகம், அதற்கப்புறம்தான் நிறுத்தம், அவசரமில்லை, வீட்டில் யாரும் இல்லை, சைக்கிள் பழுதுபார்க்கிறவர் நடைபாதையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது கோணலாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அதைத் தாண்டும்போதுதான் கவனித்தார், நடைபாதையில் அவர் இடது ஓரத்தை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறார், வலப்பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து, வலது கை இடுப்பு உயரத்தில் ஒரு சாண் முன்னால் நீண்டு விரல்கள் உள்பக்கம் மடங்கி நிற்க. கையைக் கீழே இறக்கிவிட்டார். மருந்துக் கடைக்கு வருவதற்குள் அது மறுபடியும் அங்கேயே இருந்தது.